உப்புக் காற்றில் மக்கு உரம்: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழு வழிகாட்டி

உச்சிப்புளிப் பக்கத்துத் தோப்பில் நான் முதன்முதலாகப் போட்ட உரக்குவியல் பார்ப்பதற்கு அருமையாக மக்கி வந்தது. கறுப்பாக, உதிரியாக, மழை விழுந்த மண்ணின் வாசனையோடு இருந்தது. ஆசையாகக் கத்தரிக்கு வைத்தேன். இருபது நாளில் இலை விளிம்பெல்லாம் தீய்ந்து சுருண்டது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன், பலனில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் உரத்தில் ஒரு பிடி எடுத்து மழைத்தண்ணீரில் கரைத்து, தெளிந்ததும் உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

கடற்பாசியைக் கழுவாமல் போட்டது ஒரு தவறு. நான்கு மாதம் உவர்க் கிணற்றுத் தண்ணீரையே தெளித்து வந்தது அதைவிடப் பெரிய தவறு. பொதுவான வழிகாட்டிகளில் இந்த இரண்டும் இருக்காது, ஏனென்றால் அவை நல்ல தண்ணீர் உள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மண்டபம் முதல் தேவிபட்டினம் வரை, கீழக்கரை முதல் சாயல்குடி வரை, நம் கரையில் மக்கு உரம் என்பது முதலில் தண்ணீர்க் கணக்கு. குப்பைக் கணக்கு அப்புறம்தான்.

முதலில் தண்ணீர்

ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள குவியலில் காய்ந்த சருகும் ஓலையும் முழுதாக நனைய 15 முதல் 20 குடம் தண்ணீர் பிடிக்கும். சுமார் 240 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தால், முதல் நாளிலேயே அரைக் கிலோ உப்பு உள்ளே போய்விடுகிறது. வெயிலும் காற்றும் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகும், உப்பை விட்டுவிட்டுப் போகும். காயக் காய நீங்கள் மறுபடி தெளிக்கிறீர்கள், உப்பு ஏறிக்கொண்டே போகிறது. குவியலோ மக்க மக்கப் பாதியாகச் சுருங்குகிறது. அத்தனை உப்பும் அந்தப் பாதிக்குள் அடைந்து கிடக்கும்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி, வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். என் அளவு இதுதான்: 1000-க்குக் கீழே காட்டினால் தாராளமாகத் தெளிக்கலாம். 2000-க்கு மேல் என்றால் குவியல் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இடைப்பட்டதை மழைநீரோடு கலந்து, வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள்.

ஊரணித் தண்ணீர், கூரையில் பிடித்த மழைநீர், அரிசி களைந்த கழுநீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் நல்லவை. சோப்புத் தண்ணீர் ஆகாது, அதில் சோடியம் உண்டு. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பல வீடுகளில் ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது. அது வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கும் உரத்துக்கும் ஊற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் அது. கழிவறைக்கு ஊற்றுங்கள், உரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த மாதத்தில் போடுவது

நமக்குப் பெரும்பங்கு மழை ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்து முடிந்துவிடும். அதை ஒட்டி வருடத்துக்கு இரண்டு குவியல் போட்டால் போதும்.

முதலாவது தைக் குவியல். ஊரணி நிறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அறுத்த வைக்கோலும் பயற்றங்கொடியும் களையும் கையில் இருக்கும். தையில் போட்டால் சித்திரை, வைகாசிக்குள் உரம் தயார். அதைப் புரட்டாசி வரை நிழலில் வைத்திருந்து மிளகாய் விதைப்புக்கு எடுக்கலாம்.

இரண்டாவது ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாசியில். பனையோலை, தென்னை மட்டை, நார்க்கழிவு போன்ற முரட்டுச் சாமான்களை இதில் போடுங்கள். நனைக்கும் வேலையை மழை பார்த்துக்கொள்ளும். பங்குனியில் எடுக்கலாம்.

வைகாசி முதல் ஆடி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும்போது புதுக் குவியல் தொடங்காதீர்கள். எவ்வளவு ஊற்றினாலும் காய்ந்துபோகும், கறையான்தான் ஏறும். அந்த மாதங்கள் சாமான் சேர்ப்பதற்கு.

குழியா, குவியலா

தைக் குவியலுக்கு ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அதற்கு மேல் இரண்டரை அடி எழுப்புங்கள். பாதி மண்ணுக்குள் இருப்பதால் காற்று கொண்டுபோகும் ஈரம் குறையும். மழைக் குவியலுக்குப் பள்ளமே வேண்டாம். கடலோரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழியில் தண்ணீர் நின்று, உள்ளே மூச்சுமுட்டி, அழுகிய முட்டை நாற்றம் வரும். அரையடி மேடு கட்டி அதன்மேல் குவியுங்கள்.

நாடெப் தொட்டியைப் பற்றிக் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தின் நாராயண் தேவ்ராவ் பாண்டரிபாண்டே வடிவமைத்த, சுவரில் ஓட்டை விட்டுக் கட்டும் 10 அடிக்கு 6 அடி, 3 அடி உயரச் செங்கல் தொட்டி அது. நல்ல முறைதான். ஆனால் அந்த ஓட்டை வழியாக நம் காற்று உள்ளே புகுந்து உலர்த்திவிடும். ஏற்கெனவே கட்டியிருந்தால் தெற்கு, மேற்குப் பக்க ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். புதிதாகக் கட்டச் செலவு செய்ய வேண்டியதில்லை.

எங்கே போட்டாலும் மரநிழல் இருக்கட்டும். கச்சான் வரும் பக்கம் ஓலைத்தட்டி ஒன்று நிற்கட்டும்.

நம் கரையில் கிடைப்பவை

மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமம் 25 அல்லது 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு வேண்டும். வைக்கோலில் இது ஏறக்குறைய 80-க்கு 1. தென்னை நார்க்கழிவில் 100-க்கு மேல். சாணத்தில் 20-க்குச் சற்று மேல். மீன் கழிவில் 5-க்கு 1 போல. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். காய்ந்தது மூன்று கடகம், பச்சையும் சாணமும் சேர்ந்து ஒரு கடகம் என்று போட்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

பனையோலையும் தென்னையோலையும் நமக்குக் குறைவில்லாதவை. ஆனால் முழு ஓலையாகப் போட்டால் இரண்டு வருடம் ஆனாலும் அப்படியே கிடக்கும். சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். ஈர்க்கையும் மட்டையையும் தனியாக எடுத்து அடியில் பரப்பினால் காற்றோட்டத்துக்கு ஆகும். வெட்டியதைச் சாணக்கரைசலில் ஒரு இரவு ஊறவிடுங்கள். மிஞ்சும் கரைசலைக் கொட்டாமல் அடுத்த கட்டு ஓலைக்கு வையுங்கள்.

நார்க்கழிவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை உண்டு. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. 100 கிலோ நார்க்கழிவு பரப்பி அதன்மேல் ஒரு புட்டி வித்து, அடுத்த 100 கிலோவின் மேல் ஒரு கிலோ யூரியா, இப்படி மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரத்துக்கு. ஈரம் குறையாமல் வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்துவிடும். யூரியா வேண்டாம் என்பவர்கள் கோழி எரு சேர்க்கலாம், ஆனால் நாள் கூடும். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவு என்றால் உப்பு நிறைய இருக்கும். ஒரு மழையிலாவது நனைத்து வடித்த பிறகுதான் தொட வேண்டும்.

சீமைக்கருவேலம் பற்றி நிறையப் பேருக்குத் தயக்கம். அதன் இலையில் தழைச்சத்து நல்ல அளவு இருக்கிறது. பச்சையாகச் செடியடியில் மூடாக்குப் போட்டால் விதை முளைப்பதைக் கெடுக்கும், ஆனால் சூடேறிய குவியலில் மக்கிவிட்டால் அந்தக் குணம் போய்விடும். நெற்றை மட்டும் ஒன்றுகூட விடாதீர்கள். அந்த விதையின் ஓடு கெட்டி. ஆடு, மாட்டின் வயிற்றுக்குள் போய் வந்தும் முளைக்கும். அதனால் நெற்று உதிரும் காலத்து ஆட்டுப்புழுக்கையை நேராக வயலில் போடாமல் குவியலின் நடுவே வைத்துச் சூடு ஏற்றுவது நல்லது. அதற்குத் தப்பி முளைப்பதைக் குவியலிலேயே பார்த்துப் பிடுங்கிவிடலாம்.

கரிமூட்டம் போடும் இடத்தில் மிஞ்சும் கரித்தூள் நல்ல சாமான். மணலில் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். மழையில் அலசி, சாணக்கரைசலில் ஊறவைத்து, பத்துக்கு ஒரு பங்கு சேர்க்கலாம். சாம்பல் வேறு கதை. நம் மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. சாம்பலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பும் அதைக் கூட்டத்தான் செய்யும். நண்டு ஓடும் இறால் தோலும் கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை.

கடற்பாசிக்கு வருவோம். சாம்பல்சத்தும் நுண்சத்துகளும் நிறைந்த உரப்பொருள் இது. கரையில் தானாக ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் இருந்து தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பறிப்பது சட்டப்படி குற்றம். கடலடியில் உயிரோடு நிற்கும் புல்லைப் பிடுங்கினால் கடல்பசுவின் தீனியைப் பறிக்கிறோம் என்று அர்த்தம். ஒதுங்கியதிலும் எல்லாவற்றையும் வாராமல் கொஞ்சம் விட்டுவிடுங்கள், கரை மணலை அதுதான் பிடித்து வைக்கிறது. பாசி வளர்ப்பவர்கள் கழித்துப்போடும் தண்டும் துண்டும் கேட்டால் கிடைக்கும்.

எடுத்த பாசியைக் கையால் உதறி நைலான் நரம்பு, வலைத்துண்டு, பாலித்தீன் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிறகு பயிர் வைக்காத, சரிவான மணல் மேட்டில் அரையடிக் கனத்துக்குப் பரப்பிவிட்டு மறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். வெயில் காலத்தில் சேர்த்த பாசி தைக் குவியலுக்குத்தான் தயார். குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நம் ஊரில் கட்டுப்படியாகாது. காத்திருப்பதுதான் மலிவு.

கருவாட்டுக் கழிவு, ஊறுகாய், உப்பு போட்டு வேகவைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். பச்சை மீனின் செதிலும் குடலும் போடலாம், ஆனால் போடும் விதம் இருக்கிறது. குவியலின் நடுவே, சுற்றிலும் ஒரு அடி காய்ந்த சாமான் இருக்கும்படி புதைக்க வேண்டும். மேலாக வைத்தால் நாயும் காக்கையும் ஒரே இரவில் குவியலைக் கலைத்துப் போட்டுவிடும்.

கடைசியாக, கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயின் அடியில் படியும் வண்டல். மணல் நிலத்துக்குப் போகும் உரம் என்றால் குவியலில் அடுக்குக்கு அடுக்கு ஒரு தட்டு கரம்பை தூவுங்கள். களியும் மக்கும் சேர்ந்தால்தான் மணலில் நிற்கும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல்காரர்களுக்கு இது தேவையில்லை.

குவியல் கட்டும் நாள்

எல்லாச் சாமானும் சேர்ந்த பிறகு ஒரே நாளில் கட்டுங்கள். தினம் கொஞ்சமாகப் போட்டால் சூடு ஏறாது. ஐந்தடி அகலம், நான்கடி உயரம், நீளம் உங்கள் வசதி. ஒரு மீட்டருக்குக் குறைந்த குவியல் சூட்டைத் தக்கவைக்காது.

அடியில் அரையடிக்கு மட்டையும் மிளகாய் மாரும் (காய்ந்த மிளகாய்ச் செடித்தண்டு). அதன்மேல் அரையடி நனைத்த ஓலை அல்லது வைக்கோல். அப்புறம் இரண்டு அங்குலம் பச்சைத்தழை அல்லது பாசி. அதன்மேல் சாணக்கரைசல். பிறகு ஒரு தட்டு கரம்பையும், பழைய மக்கு உரம் இருந்தால் இரண்டு பிடியும். இந்த வரிசையை மறுபடி மறுபடி. ஒவ்வொரு அடுக்கையும் அப்போதே நனைத்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடு காய்ந்தே இருக்கும். உச்சியை மழைக் குவியலுக்குக் கூம்பாகவும், தைக் குவியலுக்கு நடுவில் சற்றுக் குழிவாகவும் விடுங்கள். பழைய ஓலைப்பாயால் மூடி மேலே மட்டையை வையுங்கள்.

ஈரம் பார்க்கும் வழி: உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கை நனையாவிட்டால் குறைவு.

மூன்று, நான்கு நாளில் சூடு ஏறத் தொடங்கும். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் 55 டிகிரிக்கு மேல் இருக்கிறது. களை விதையும் நோய்க் கிருமியும் சாக அது சில நாள் நிற்க வேண்டும். சூடு இறங்கியதும், 12 அல்லது 15 நாளில், ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும்படி முதல் முறை புரட்டுங்கள். பிறகு 15 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை. காய்ந்திருந்தால் புரட்டும்போது மட்டும் தண்ணீர் சேருங்கள். நடுநாட்களில் மேலே தெளிப்பது தண்ணீருக்குத்தான் நஷ்டம்.

புரட்டுவதற்கு இன்னொரு முக்கியமான காரணம், காண்டாமிருக வண்டு. அது முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கும் குப்பையிலும்தான். வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்கள் கண்ணில் பட்டால் ஒன்று விடாமல் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அந்தப் புழு வண்டாக மாற மாதக்கணக்கில் ஆகும். 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுகிற குவியலில் அது தப்பாது. தோப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தை வாங்கிக் குவியலில் கலக்கலாம். புரட்டாமல் போட்ட எருக்குழி உங்கள் தென்னையை மட்டுமல்ல, பக்கத்துத் தோப்பையும் அழிக்கும்.

கறையான் வந்தால் குவியல் காய்ந்திருக்கிறது என்று பொருள். மருந்து வேண்டாம், பிரித்து நனைத்துக் கட்டுங்கள். நாற்றம் வந்தால் ஈரமோ பச்சையோ அதிகம், காய்ந்த ஓலை சேர்த்துப் புரட்டுங்கள். சூடே ஏறவில்லை என்றால் சாணக்கரைசல் போதவில்லை.

வீட்டில் செய்வதற்கு

பாம்பனிலோ கீழக்கரையிலோ நெருக்கமான தெருவில் இருப்பவர்களுக்கு இரண்டு மண்பானை போதும். அடியிலும் பக்கத்திலும் விரல் நுழையாத அளவுக்குச் சிறு துளைகள். செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் ஒரு தட்டு. பானைக்குள் நான்கு விரல் உயரத்துக்கு அலசிக் காயவைத்த நார்த்தூள். தினமும் காய்கறிக் கழிவை நறுக்கிப் போட்டு, ஒரு பிடிக் கழிவுக்கு இரண்டு பிடி நார்த்தூளோ பொடித்த சருகோ மூடுங்கள். தொடங்கும் நாளில் புளித்த மோர் ஒரு குவளை தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும், உப்புப் போடாத மோராக இருக்கட்டும். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறுங்கள்.

ஒரு பானை நிறைந்ததும் வாயைத் துணியால் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நிறைந்த பானை 45 முதல் 60 நாளில் தயாராகும். மீன் கழிவைப் பானையில் போடாதீர்கள், தெருவே முகம் சுளிக்கும். அதற்கு மீன் அமிலம் இருக்கிறது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி போட்ட வாளியில் ஒரு மாதம். வடித்து எடுத்து லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். வெல்லத்துக்குப் பதில் பழைய கருப்பட்டியும் ஆகும்.

மண்புழு உரம் செய்ய விரும்புபவர்கள் தென்னையோலையில் தொடங்குவது நல்லது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான முறையைத் தந்திருக்கிறது. பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணம். புழுவுக்கு உப்பு ஆகவே ஆகாது. பாசியையும் மீனையும் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

வயலுக்குப் போகும் முன்

குவியல் பாதியாக இறங்கி, சூடு முழுதும் தணிந்து, போட்ட சாமான் எது எதுவென்று அடையாளம் தெரியாமல் போயிருக்க வேண்டும். இத்தோடு இரண்டு சோதனைகள் அவசியம். ஒன்று, உரத்தைச் சம அளவு மணலோடு கலந்து தட்டில் பரப்பி, பத்து வெந்தயம் ஊன்றுங்கள். குறைந்தது எட்டு விதை நன்றாக முளைத்தால் போடலாம். இரண்டாவது உப்பு. உர விதிகளில் நகரக் கழிவு உரத்துக்கும் மண்புழு உரத்துக்கும் மின்கடத்து திறன் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) 4 dS/m-க்கு மேல் போகக்கூடாது என்றிருக்கிறது. விற்பதாக இருந்தாலும், பெரிய வயலுக்குப் போடுவதாக இருந்தாலும் ஒரு மாதிரியை மண்பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ராமநாதபுரத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, உவர் மண் பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம். உப்பு கூடுதலாக வந்தால் தூக்கி எறிய வேண்டாம். மேட்டில் பரப்பி ஒரு மழை வாங்கினால் இறங்கும். கொஞ்சம் சத்தும் சேர்ந்து போகத்தான் செய்யும், ஆனாலும் பயிர் பிழைக்கும்.

பயிருக்கு வைக்கும் முறை

மணலில் உரம் தங்காது. வெயிலில் கரிமம் வேகமாகக் கரைகிறது, மழையில் சத்து கீழே இறங்கிவிடுகிறது. ஒரே தடவையில் வண்டி வண்டியாகக் கொட்டுவதைவிட, வருடா வருடம், வேர் இருக்கும் இடத்தில் மட்டும் வைப்பதுதான் பலன் தரும்.

காய்க்கும் தென்னைக்கு வருடம் 50 கிலோ. மரத்திலிருந்து ஆறடி தள்ளி வட்டமாகக் கொத்தி, உரத்தைப் பரப்பி, மண் தள்ளி, மேலே ஓலை மூடாக்கு. முதல் மழை நனைத்த பிறகு, ஐப்பசியில் வையுங்கள். கத்தரி, தக்காளி, முருங்கைக்கு நடும் குழியில் இரண்டு கையளவு உரமும் ஒரு கையளவு கரம்பையும் கலந்து வைத்து, மாதம் ஒருமுறை மேலே ஒரு கை தூவி மூடுங்கள். தண்டை ஒட்டி வைக்காதீர்கள், அழுகும்.

முண்டு மிளகாய்க்கு, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டுக்கு, கடைசி உழவில் உரம் மண்ணோடு கலந்துவிட வேண்டும். மானாவாரி நிலத்தில் மழை இரண்டு வாரம் தவறும்போது அந்த உரம் பிடித்து வைத்த ஈரம்தான் செடியைத் தாங்கும். போதுமான உரம் இல்லையென்றால் வயல் முழுக்கத் தூவி விரயம் செய்யாமல், விதைக்கும் வரிசையில் மட்டும் போடுங்கள். ஆட்டுக்கிடை போட வசதி இருக்கிற வருடம் கிடை, இல்லாத வருடம் குவியல் உரம் என்று மாற்றிக்கொண்டாலும் சரி.

சித்திரையில் எடுத்த உரத்தைப் புரட்டாசி வரை சாக்கில் கட்டி வெயிலில் அடுக்காதீர்கள். ஓலைக் கொட்டகைக்குள் அரையாள் உயரத்துக்குக் குவித்து, கையில் எடுத்தால் தூசி பறக்காத அளவு ஈரத்தோடு ஓலைப்பாயால் மூடி வையுங்கள். நடுவில் ஒருமுறை, ஆடிப் பிறப்பு வாக்கில், பிரித்துப் பார்த்து வண்டுப் புழு இருந்தால் எடுத்துவிடுங்கள்.